யார் குஞ்சு?

வெள்ளச்சி மடத்து முற்றத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை புடைத்தது, கண் வாசலிலேயே கிடந்தது. உமி பறக்க வேண்டிய பக்கம் அரிசி பறந்தது.

"யார் மேல கோபம்? அரிசி மேலயா?" என்றார் சாமியார்.

"நாளைக்குத் தவமணியோட தாய்மாமன் வர்றாரு, சாமி. பிள்ளையைக் கூட்டிட்டுப் போகணுமாம்."

தவமணி வெள்ளச்சி புருஷனின் மூத்த தாரம் பெற்ற பிள்ளை. மூத்தவள் கண்ணை மூடியபோது அதற்கு ஒன்றரை வயசு. இப்போது ஆறு நடக்கிறது. இத்தனை வருஷமும் வெள்ளச்சியின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டுதான் தூங்குகிறது.

"அனுப்ப மாட்டேன்னு சொல்லிடு."

"'அதைச் சொல்ல நீ யாரு?'ன்னு கேட்டா?"

சாமியார் குப்பைமேட்டைக் காட்டினார்.

அங்கே கோழி கிளறிக்கொண்டிருந்தது. பின்னால் ஏழு வாத்துக்குஞ்சுகள். வாத்து ஒழுங்காக அடைகாக்காது என்று முட்டைகளைக் கோழிக்கு வைத்தவளே வெள்ளச்சிதான்.

"அது என்ன குஞ்சு?"

"வாத்துக்குஞ்சு."

"வாத்து எங்கே?"

"குளத்துல கிடக்கும். ஆனா பேரு அதோட பேருதானே, சாமி? வெறும் குஞ்சுன்னு யாரு சொல்றா? காக்காக்குஞ்சு, கோழிக்குஞ்சுன்னு முன்னால ஒரு பேரு வேண்டியிருக்கே. ஊரும் தவமணியை மூத்தவ பிள்ளைன்னுதான் சொல்லுது. என் பேரு எங்க ஒட்டுச்சு?"

அவ்வளவு நீளமாக அவள் அங்கே பேசியதே இல்லை. பேசிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாமியார் எழுந்து போனார். ஒரு குஞ்சைக் கையில் தூக்கினார். அது கீச்சென்று கத்தியது.

கோழி பாய்ந்து வந்து அவர் புறங்கையைக் கொத்தியது. ரத்தம் எட்டிப் பார்த்தது.

"ஏய்! நான் வாத்துக்குஞ்சைத்தானே எடுத்தேன்? உனக்கென்ன வந்துச்சு?" என்று கோழியிடம் சண்டைக்குப் போனார்.

வெள்ளச்சிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"கோழிக்கு அது வாத்துன்னு தெரியாது, சாமி. எனக்குத் தெரியுமே."

சாமியார் குஞ்சை இறக்கிவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளச்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை. முறத்தை எடுத்தாள். வைத்தாள். திரும்ப எடுத்தாள்.

"தவமணி உன்னை எப்படிக் கூப்பிடும்?"

"சித்தின்னுதான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அம்மான்னு கூப்பிட்டிருந்தாக்கூட, நான் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்து..."

"சித்தீ!"

கிணற்றடியிலிருந்து தவமணியின் குரல்.

"சித்தீ, முள்ளு!"

முறம் கவிழ்ந்தது.

"முகத்தைப் பார்த்து? என்ன சொல்லுவே?" என்றார் சாமியார்.

பதில் சொல்ல எதிரே ஆள் இல்லை.