கடல் கடந்து வந்த மோட்டார்

கோயம்புத்தூரை அடுத்த அன்னூர்ப் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணை. அதன் கிணற்றோரம் இருந்த சின்ன அறையில் பச்சை மோட்டார் ஒன்று குடியிருந்தது. கோயம்புத்தூரில் செய்தது. ஓட ஆரம்பித்தால் ரோடு வரைக்கும் இரைச்சல் கேட்கும். ஆனாலும் அது இறைத்த தண்ணீரில்தான் ரத்தினசாமியும் அவர் மனைவி சுலோச்சனாவும் தக்காளி, கத்திரி, மிளகாய் என்று நாற்று வளர்த்துச் சுற்றுவட்டார விவசாயிகளுக்கு விற்றுப் பிழைத்தார்கள்.

ஒருநாள் விவசாயக் கண்காட்சிக்குப் போன ரத்தினசாமி, வெளிநாட்டு மோட்டார் ஒன்றை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். வெள்ளை வெளேரென்று இருந்தது அது.

“ஏனுங்க, நல்லா ஓடிட்டிருக்கறதை விட்டுப்போட்டு இது எதுக்குங்க? கெட்டுப்போனா யாரைக் கூப்புடறது?” என்றாள் சுலோச்சனா.

“ஃபாரின் பொருள் புள்ள. கெடவே கெடாது. நம்மூர்ச் சரக்கு மாதிரியா?”

அந்த “நம்மூர்ச் சரக்கு” பச்சை மோட்டாருக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே அதைக் கழற்றி மூலையில் தள்ளி, ஒரு சாக்கைப் போட்டு மூடினார்கள்.

வெள்ளை மோட்டார் ஓடியது. சத்தமே இல்லை. தண்ணீரோ முன்னைவிடத் தடியாக விழுந்தது. சுலோச்சனாகூடக் குறை சொல்வதை விட்டுவிட்டாள். பச்சையால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

“வணக்கம். எனக்கு இங்கே யாரையும் தெரியாது. நாம் பேசிக்கொண்டிருக்கலாமா?” என்று கேட்டது வெள்ளை.

“கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே அதை யோசிச்சிருக்கோணும். உன்ற வேலையைப் பாரு” என்றது பச்சை, சாக்குக்குள்ளிருந்து.

அதற்குப் பிறகு பச்சைக்கு ஒரே ஒரு நினைப்புதான். இவன் நின்றுபோக வேண்டும். நின்றால்தான் என் அருமை தெரியும்.

சித்திரை வந்தது. நிழல்வலைக்குக் கீழேயே அனல் அடித்தது. ஒரு காலையில் வெள்ளை மோட்டாருக்குள் ‘கடக்’கென்று ஒரு சத்தம். அப்படியே நின்றுவிட்டது.

ரத்தினசாமி கம்பெனிக்குப் போன் போட்டார். “உள்ளே இருக்கிற சக்கரம் போயிருக்கும் சார். பார்ட் வெளிநாட்டிலிருந்துதான் வரணும். ஒரு மாசம் ஆகும்” என்றார்கள்.

“மாசமா? பொழுது சாயற வரைக்குமே நாத்து தாங்காதுங்க!”

தாங்காதுதான். குழித்தட்டுகளில் இருந்த நாற்றுகள் தலை தொங்க ஆரம்பித்திருந்தன. “தண்ணி வருமா?” என்று ஒன்றையொன்று கேட்டுக்கொண்டன.

மெக்கானிக் ஆறுச்சாமி வந்தான். “இப்போதைக்குப் பழசை மாட்டிப்போடலாம்ங்ணா” என்று சாக்கை இழுத்தான்.

“பாத்தியா, கடைசியில என்கிட்டத்தான் வரோணும்” என்றது பச்சை, வெள்ளையைப் பார்த்து.

ஆறுச்சாமி சுவிட்சைப் போட்டான். பச்சை ‘ம்ம்ம்’ என்று முனகியது. சுற்றவில்லை. உயிரைக் கொடுத்து உந்தியது. ஊஹூம். சும்மா கிடந்ததில் உள்ளே துரு ஏறி இறுகியிருந்தது.

“முழுசாப் பிரிச்சுச் சுத்தம் பண்ணோணும்ங்ணா. நாளைக்குத்தான் ஆகும்.”

ரத்தினசாமி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சுலோச்சனா குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். அவள் கொண்டுவந்து தெளித்த தண்ணீர், ஒரு வரிசை நனைவதற்குள் தீர்ந்தது.

“உனக்கு வலிக்கிறதா?” என்று மெதுவாகக் கேட்டது வெள்ளை.

பச்சை தன்னையே நொந்துகொண்டது. இவன் நிற்க வேண்டும் என்றுதானே இத்தனை நாளும் ஏங்கினேன்? இப்போது நின்றுவிட்டான். வாடுவது அந்தப் பிஞ்சுகள் அல்லவா?

எதற்கும் பார்த்துவிடலாம் என்று வெள்ளை மோட்டாரைப் பிரித்தான் ஆறுச்சாமி. கல் ஒன்று ஏறி, தண்ணீரைத் தள்ளும் சக்கரம் உடைந்திருந்தது. துடைத்துத் திருப்பிப் பார்த்தவன், “அண்ணா, இங்க வாங்க!” என்று கத்தினான்.

“என்னப்பா?”

“இந்த முத்திரையைப் பாருங்க. நம்ம கோயமுத்தூர்ல, கணபதிங்கற ஏரியாவுல இருக்கற வார்ப்பட்டறை முத்திரைங்ணா. நானே அங்க சாமான் எடுத்திருக்கறேன்.”

ரத்தினசாமி நம்பவில்லை. பட்டறைக்குப் போன் போட்டுக் கேட்டார்.

“ஆமாங்க, அந்தக் கம்பெனிக்குச் சக்கரம் நாங்கதான் வார்த்து அனுப்பறோம். இங்க பொட்டி பொட்டியாக் கெடக்குது. வந்து எடுத்துக்குங்க.”

சுலோச்சனா இடுப்புக் குடத்தோடு நின்று சிரித்துவிட்டாள். “பாருங்க கூத்தை! கணபதியிலிருந்து கப்பல் ஏறி ஊரெல்லாம் சுத்திப்போட்டு, மறுக்கா நம்ம தோட்டத்துக்கே வந்திருக்குது!”

ரத்தினசாமி அதற்குள் பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டார்.

மோட்டார் அறையில் பச்சை மெல்லப் பேச்சுக் கொடுத்தது.

“ஏப்பா, நீ நம்மூரா?” என்றது பச்சை.

“தெரியாது. ஓரிடத்தில் பூட்டினார்கள், வேறோரிடத்தில் வெள்ளையடித்தார்கள். உள்ளே இருப்பது யார் வார்த்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.”

“என்ற சக்கரமும் கணபதிதான்.” பச்சை தயங்கியது. “நீ நின்னு போகோணும்னு தெனமும் நெனச்சேன்.”

“தெரியும். நீ முணுமுணுப்பது சாக்கையும் தாண்டிக் கேட்கும்.”

வெயில் தாழ்வதற்குள் ரத்தினசாமி வந்து சேர்ந்தார். சட்டை முழுக்கப் புழுதி. ஆறுச்சாமி புதுச் சக்கரத்தைப் பொருத்தினான். அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் குழாய் ஒருமுறை குலுங்கியது, இருமியது, பிறகு பூந்தூறலாகத் தண்ணீரைத் தெளித்தது. கடைசி வரிசை நாற்றுவரை நனைந்தது. ஒவ்வொன்றாகத் தலை நிமிர்ந்தபோது, ரத்தினசாமி சேறு என்றும் பாராமல் அங்கேயே உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். சுலோச்சனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஆறுச்சாமி, நாளைக்கு அந்தப் பச்சையையும் பிரிச்சுச் சரி பண்ணிப்போடு. ரெண்டும் ஓடட்டும்” என்றார் அவர்.

பச்சைக்குள் எதுவோ இளகியது. துருவாகத்தான் இருக்க வேண்டும் என்று அது தனக்குள் சொல்லிக்கொண்டது.

அந்த வாரம் நாற்று வாங்க வந்த விவசாயி ஒருவர், காலையில் பச்சை போட்ட இரைச்சலைக் கேட்டார். மாலையில் நாற்றை எடுத்துப் போக வந்தபோது வெள்ளை சத்தமில்லாமல் இறைப்பதையும் பார்த்தார். அதன் பளபளப்பைச் சுற்றிச் சுற்றி வந்தவர், “ஏனுங்க, இது எந்த நாட்டு மோட்டாருங்க?” என்று கேட்டார்.

ரத்தினசாமி நாற்றுத் தட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்:

“கணபதிங்க.”