அலை வரும் வழி, ஒதுங்கி நில்லுங்கள்

வெள்ளாட்டுக்குறிச்சியில் செல்போன் கோபுரம் வைத்து முடித்ததும், என்ஜினீயர் ஜெசிந்தா ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுப் பொறுமையாகத்தான் விளக்கினார்.

“உங்க பேச்சு போன்ல இருந்து ரேடியோ அலையா இந்தக் கோபுரத்துக்கு வரும். மேல இருக்குற வட்டத் தட்டு அதை மைக்ரோவேவா அந்தக் கரட்டுக் குன்று மேல இருக்குற தட்டுக்கு அனுப்பும். அது நேர்கோட்டுலதான் போகும். நடுவுல எதுவும் குறுக்க வரக் கூடாது. வந்தா சிக்னல் போயிடும்.”

சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அலை எண்பதடி உயரத்தில் போகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அதைக் கேட்டதும் ஊர்த் தலைவரிடம் ஓடியவர் பொன்னுரங்கம். அவர் மகள் செண்பகவல்லியைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனில் முடிவு சொல்வதாக இருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது.

தலைவர் சடையாண்டி உடனே கோபுரத்திலிருந்து கரடு வரைக்கும் சுண்ணாம்பால் கோடு போடச் சொன்னார். யாரும் தாண்டக் கூடாது என்று உத்தரவு.

“காக்கா பறந்தா?” என்று கேட்டார் மாசிலாமணி. ஊரில் யோசனை சொல்வது அவர்தான்.

“அலையில முட்டினா அதுக்குத்தான் வலிக்கும். நீ ஆளுங்களைப் பாரு.”

கோடு பொன்னுரங்கத்தின் வீட்டுக்குள் புகுந்து போனது. மனைவி அடுப்பங்கரைப் பக்கம் மாட்டிக்கொண்டார், இவர் வாசல் பக்கம். இரண்டு நாள் சோற்று வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் போன் வரவில்லை. பத்தரைக்கு டவுன் பஸ்தான் வந்தது. சடையாண்டி குறுக்கே நின்று கையைக் காட்டினார்.

“பஸ் கோட்டைத் தாண்டக் கூடாது. மாப்பிள்ளை வீட்டுப் போன் வந்துக்கிட்டிருக்கு.”

வெற்றிலைத் தட்டோடு ஒருவர், மனைவியும் மகனும் பின்தொடர இறங்கினார். “நாங்கதான்யா மாப்பிள்ளை வீடு. நல்ல சேதியை நேர்லயே சொல்லிடலாம்னு வந்தோம்.” அவர் மாப்பிள்ளையின் அப்பா குலசேகரன்.

பொன்னுரங்கம் கை கூப்பினார். “வாங்க சம்பந்தி. ஆனா நீங்க இங்க வந்துட்டா, போன் யாரு பண்ணுவா?”

சடையாண்டியும் மாசிலாமணியும் பொன்னுரங்கமும் கூடிப் பேசினார்கள். வந்தவர் அந்தப் பக்கம் நின்றே போன் பண்ணட்டும் என்று முடிவானது. குலசேகரனும் தட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டு நம்பரைப் போட்டார். நாலடி தள்ளி நின்ற பொன்னுரங்கம் போனை எடுத்தார்.

“எங்களுக்குச் சம்மதம்ங்க.”

பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கியது. போனைக் கையால் பொத்திக்கொண்டு, “பக்கத்துல நின்னு பேசுற மாதிரியே கேக்குது தலைவரே,” என்றார்.

“அப்ப நாங்க வீட்டுக்கு வரலாமா?” என்றது போன்.

“தாராளமா வாங்க. கொஞ்சம் தவழ்ந்து வாங்க, அலை தலைக்கு மேல போயிடும்.”

குலசேகரன் யோசித்தார். அவருக்கும் நியாயமாகத்தான் பட்டது. முன்னால் தட்டைத் தள்ளிக்கொண்டு அவர் தவழ, பின்னால் மனைவி, அதற்கும் பின்னால் பட்டு வேட்டியில் மாப்பிள்ளை. மரியாதை தெரிந்த குடும்பம் என்று ஊரே பேசிக்கொண்டது.

“எல்லாம் சரி, நான் எப்படிப் போறது?” என்றார் பஸ் டிரைவர்.

மாசிலாமணி பஸ்ஸைச் சுற்றி வந்தார். பிறகு ஆறு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டார். பஸ் ஒரு சாண் இறங்கியது.

“நல்லா குனிஞ்சிருச்சு. இப்ப எடுங்க.”

டிரைவர் ஸ்டார்ட் செய்தார். பஸ் உறுமியது, நகரவில்லை. சடையாண்டி அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, விளக்கைத் தடவிக் கொடுத்தபடி தணிந்த குரலில் சொன்னார்:

“பரவாயில்லம்மா, முட்டி போட்டே வா.”