ஐம்பத்து மூன்றாவது மைல்

இதை எனக்கு முதலில் சொன்னது என் இளைய மகள் பெல்சிட்டா. போன வருஷம் குருத்தோலை ஞாயிறு, பூசை முடிந்து கையில் ஓலையோடு நடந்து வரும்போது சொன்னாள். அவளுடைய படிப்பு எனக்குக் கிடையாது. விளங்கினபடி எழுதுகிறேன்.

ஷெர்பின் என்று ஒரு பெண். கணக்குப் போடும் மென்பொருள் ஒன்றை, பல ஊர்க்காரர்களோடு சேர்ந்து எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறாள். யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், தப்புக் கண்டால் யாரும் திருத்தலாம். அது ஒற்றை விடை சொல்லாது. இதற்குக் குறையாது, இதற்கு மேல் போகாது என்று இரண்டு எல்லை சொல்லும். உண்மை அந்த இரண்டுக்கும் நடுவில் கட்டாயம் இருக்குமாம்.

அந்த வேலையைப் படிக்க அவளிடம் வந்தவர் ததேயு. ரிட்டயர் ஆனவர், தலை முழுக்க நரை. ஆனாலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஒரு நாள் ததேயுவின் தம்பி சூசை போன வள்ளம், நடுக்கடலில் இன்ஜின் நின்று, நீரோட்டத்தில் இழுபட்டுப் போய்விட்டது. இன்ஜின் நின்றதைச் சொன்ன பிறகு போனும் கிடைக்கவில்லை. தேடப் போகிறவர்கள் கோயில் பங்கு மண்டபத்தில் கூடினார்கள்; ஷெர்பினும் கம்ப்யூட்டரோடு வந்தாள்.

காற்று எவ்வளவு, நீரோட்டம் எவ்வளவு என்று யாருக்கும் திட்டமாகத் தெரியாது. குறைந்தால் இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்றுதான் சொன்னார்கள். ஷெர்பின் அதை அப்படியே மென்பொருளுக்குக் கொடுத்தாள். வள்ளம் கரையிலிருந்து முப்பத்தொன்று புள்ளி ஆறு கடல் மைலுக்குக் குறையாது, ஐம்பத்திரண்டு புள்ளி நாலுக்கு மேல் போகாது என்று வந்தது.

படகுக்காரர் லூர்து ஷெர்பினைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "என்ன மக்களே, பாதிக் கடலைக் காட்டுது உன் கம்ப்யூட்டர்!"

ததேயுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"டீச்சர், ஒரே ஒரு இடம் சொல்லுங்க. என் தம்பி எங்கே?"

"தெரியாது அண்ணாச்சி."

"இதைச் சொல்லவா இத்தனை வருஷம் உக்காந்து எழுதினீங்க?"

"ஆமா. நான் ஒரு இடத்தைச் சொன்னா எல்லாப் படகும் அங்கேதான் போகும். அங்கே அவர் இல்லைன்னா?"

ததேயு படகுகளுக்கு எல்லை எழுதக் கரும்பலகைக்குப் போனார். கடலில் போகிறவர்களுக்குப் புள்ளிக் கணக்கு எதற்கு என்று, பள்ளிக்கூடத்தில் பழகினபடி கிட்டத்து முழு எண்ணாக்கி எழுதினார். முப்பத்திரண்டு முதல் ஐம்பத்திரண்டு வரை.

ஷெர்பின் எழுந்து வந்தாள். உள்ளங்கையால் இரண்டையும் அழித்தாள். முப்பத்தொன்று என்றும் ஐம்பத்து மூன்று என்றும் எழுதினாள்.

"புள்ளி நாலுக்குக் கிட்டே இருக்கிறது ஐம்பத்திரண்டுதானே டீச்சர்? இருக்கிற படகே கொஞ்சம். ஏன் வீணா அகலப்படுத்துறீங்க?"

"நீங்க வெட்டின துண்டுலே உங்க தம்பி இருந்தா, அண்ணாச்சி?"

ததேயு அந்தத் தூரத்தைப் படகுகளுக்குத் துண்டு துண்டாகப் பங்கு போட்டார்.

சிரித்த லூர்துதான் முதலில் எழுந்தார். "அந்தக் கடைசித் துண்டை எனக்கு விடுங்க" என்றார்.

மறுநாள் மத்தியானம், நாற்பதாவது மைல் பக்கத்தில் வேறொரு படகு சூசையைக் கண்டது. உதடு வெடித்து, குரல் போய், ஆனால் உயிரோடு இருந்தார். லூர்து வெறுங்கையோடு கரைக்கு வந்து, வீட்டுக்குப் போனார்.

ததேயு கூச்சத்தோடு ஷெர்பினிடம் வந்தார்.

"பாவம் டீச்சர், லூர்து. அங்கே இல்லாத ஆளைத் தேடி அவ்வளவு தூரம் போயிருக்காரு."

"அங்கே இல்லைன்னு இன்னைக்குத் தெரியுது. நேத்து யாருக்குத் தெரியும் அண்ணாச்சி?"



இவ்வளவுதான் பெல்சிட்டா சொன்னது. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு ஜெபிக்கும்போது, ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்த லூர்துவுக்காகவும் ஓர் அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள்.