ஈர வயிற்றுக்காரி

கூப்பிட்டால் மேகமும் நின்று பதில் சொல்லிவிட்டுப் போன அந்தக் காலத்தில், நெடுமடை ஏரிக்கரையில் செம்மூக்கி என்றொரு ஆள்காட்டிக் குருவி இருந்தாள். கத்துவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நரி வந்தாலும் கத்துவாள், பருந்து வந்தாலும் கத்துவாள், யாரும் வராவிட்டால் ஒத்திகைக்கு ஒருமுறை கத்திவைப்பாள்.

பங்குனி கடைசி வாரம். ஏரித் தண்ணீர் வற்றி வெளியே தெரிந்த கூழாங்கல் திட்டில் அவள் நான்கு முட்டை இட்டிருந்தாள். கூடு கிடையாது, மரம் கிடையாது, ஒரு துரும்புகூடக் கிடையாது. நாலு பக்கமும் பார்வை எட்ட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வீடு. குஞ்சு பொரிக்க இன்னும் ஏழு நாள் இருந்தது.

முதல் இரண்டு நாளும் வெயில் பதமாகத்தான் அடித்தது. விடியற்காலையில் தண்ணீர்மேல் லேசாகப் பனிகூட நின்றது. மூன்றாம் நாள் காற்று நின்றுபோனது. அதற்கு மறுநாள் திட்டில் கால்வைக்க முடியவில்லை. செம்மூக்கி முட்டைகளுக்கு மேலே இறக்கையை விரித்து, நின்றபடியே நிழல் கொடுத்தாள். அப்படியும் கல்லின் சூடு கீழேயிருந்து ஏறியது.

"ஏங்க, முட்டை கொதிக்குதுங்க. உள்ள அசைவு கொறஞ்சிடுச்சு" என்றாள்.

அவள் புருஷன் மஞ்சக்காலன் பக்கத்தில் வந்து தன் இறக்கையையும் விரித்துப் பிடித்தான்.

ஐந்தாம் நாள் காலையில் தெற்கே ஒரு கருமேகம் தலைகாட்டியது. மஞ்சக்காலன் அதன் கீழே பறந்துபோய்க் கேட்டான்: "மேகத்தையா, எங்க பக்கம் வருவீங்களா?"

"சாயங்காலம் பாரு, கொட்டித் தீத்துடறேன்" என்றது மேகம்.

இருவரும் நம்பினார்கள். நம்பி, வேறெதுவும் செய்யாமல் பகல் முழுக்க அண்ணாந்தே இருந்தார்கள். மேகமோ பொழுது சாயும் முன்பே மேற்கு மலைப்பக்கம் நழுவிப் போய்விட்டது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு, வாக்கு மட்டும் இத்தனூண்டு!

அப்போதுதான் கூழைக்கடா தன் அலகுப் பையை ஆட்டிக்கொண்டு வந்தது. ஏரியிலேயே பெரிய பறவை என்ற மிதப்பு அதற்கு எப்போதும் உண்டு.

"தங்கச்சி, இந்தப் பையில ஒரு குடம் தண்ணி பிடிக்கும். நாளைக்கும் நாளன்னைக்கும் நான் கொண்டாந்து தெளிக்கிறேன். ஆனா ஒண்ணு. நீ போடற கூச்சல்ல மீனெல்லாம் ஆழத்துக்கு ஓடிப்போகுது. இனிமே இந்த ஏரியில உன் சத்தமே கேக்கக் கூடாது. உன் பிள்ளைங்க சத்தமும்தான்."

"சரின்னு சொல்லும்மா, மொதல்ல உசிரு" என்று மஞ்சக்காலன் கெஞ்சினான்.

செம்மூக்கி முட்டைகளைப் பார்த்தாள். சரி என்ற சொல் அவள் வாய்வரை வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் கூடில்லாத குஞ்சுக்கு அம்மாவின் குரலைத் தவிர வேறென்ன காவல்?

"அண்ணே, நரி வர்றப்ப வாயை மூடிக்கிட்டிருந்தா, பெத்த பிள்ளையை நானே இலை போட்டுப் பரிமாறின மாதிரி. உங்க தண்ணி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

"கையளவு உடம்புக்கு என்னா ரோஷம்!" என்று சிரித்துவிட்டுப் போனது கூழைக்கடா.

அவள் தண்ணீர் விளிம்புக்குப் பறந்து அலகில் மொண்டு வந்தாள். வந்து சேர்ந்தது ஒரு சொட்டு. மறுபடி போனாள், அதுவும் இல்லை. மூன்றாம் முறை தண்ணீருக்குள்ளேயே நடந்தாள். ஆள்காட்டிகளில் யாரும் முழங்காலுக்கு மேல் இறங்கியதே இல்லை.

"ஏய், முழுகிடப்போற!" என்று திட்டிலிருந்து அலறினான் மஞ்சக்காலன்.

அவள் கேட்கவில்லை. முட்டைமேல் உட்காருவதுபோலவே தண்ணீரில் உட்கார்ந்து வயிற்று இறகெல்லாம் ஊறும்வரை இருந்தாள். பிறகு உடம்பு கனக்க, தாழப் பறந்துவந்து முட்டைகளை அணைத்துக்கொண்டாள். சுற்றியிருந்த கல் சுர்ரென்றது. கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்கடியில் ஏதோ இடித்தது.

"ஏங்க! அசையுதுங்க!"

அவ்வளவுதான், மஞ்சக்காலனும் ஓடிப்போய்த் தண்ணீரில் உட்கார்ந்தான். அவள் வந்தால் அவன், அவன் வந்தால் அவள். ஆறாம் நாள் அனல்காற்று வீசியது. கூழைக்கடாக் கூட்டமே கருவேல நிழலைத் தேடிப்போய் ஒண்டிக்கொண்டது. இந்த இரண்டு பேர் மட்டும் வெட்டவெளியில் ஓயாமல் போய்வந்தார்கள். இறகு காய்வதற்குள் அடுத்த நடை.

ஏழாம் நாள் உச்சிவெயிலில் நான்கு ஓடும் பிளந்தன. நான்கு குஞ்சும் தள்ளாடி எழுந்து நின்றன. செம்மூக்கிக்குப் பெருமை தாங்கவில்லை. தண்ணீர் சுமந்த அலைச்சலில் கத்த நேரமில்லாமல் போன கத்தலையெல்லாம் சேர்த்துக் கத்தினாள், எதிர்க்கரை வரைக்கும் கேட்டது. மீன்கள் ஆழத்துக்கு ஓடின. அந்த நேரம் பார்த்துத்தான் தண்ணீருக்கு வந்திருந்தது கூழைக்கடா. அது கோபிக்கவில்லை. குஞ்சுகளையே பார்த்துக்கொண்டு நின்றது.

"எத்தனை நடை போயிட்டு வந்த, தங்கச்சி?"

"அதை எண்ணிக்கிட்டிருந்தா முட்டை வெந்திருக்கும்ணே" என்றாள் செம்மூக்கி.

அன்று பிடித்த பழக்கம்தான்: கோடையில் அடைகாக்கும் ஆள்காட்டி ஒவ்வொன்றும் இன்றைக்கும் ஏரியில் இறங்கி வயிற்றை நனைத்துக்கொண்டு, சொட்டச் சொட்டத் தன் முட்டையிடம் ஓடுகிறது, வழியெல்லாம் ஊருக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு.