விறைத்த கைக்கு ஒரு கத்தி

பனிக்காலத்து விடியலில் குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பொத்தான் இருக்கும், துளை இருக்கும், விரலும் பத்து இருக்கும். மூன்றும் ஒன்று சேராது.

சாத்தூர் வெயிலுமுத்துவுக்கு அது தெரியாது. அவர் ஊரில் சட்டையைக் கழற்றித் தோளில் போடத்தான் பழக்கம்.

இரும்புக்கடையை மருமகனிடம் விட்டுவிட்டு, மனசு அடங்க வழி தேடிக் கொடைக்கானல் மேல்மலைக்கு வந்திருந்தார். ரோடு போகாத ஊர்களுக்குக் குதிரையில் அரிசியும் உப்பும் ஏற்றிப்போகும் மாயக்காளைக் குருவாக வைத்துக்கொண்டார். அவளுக்கு அவரைவிட வயது ரொம்பக் குறைவு. தன்னைக் குரு என்று அவள் சொல்லிக்கொண்டதும் இல்லை. வருகிறவர்கள் வருவார்கள், குதிரைக்குப் புல் அறுத்துப் போடுவார்கள், ஏதோ புரிந்தது என்று இறங்கிப் போவார்கள்.

மார்கழி பிறந்தால் மட்டும் எல்லாரையும் கீழே அனுப்பிவிடுவாள்.

வெயிலுமுத்து போக மாட்டேன் என்றார்.

"மழைக்கு ஒரு சாமியார், கோடைக்கு ஒரு சாமியார்னு பல பேருகிட்ட போயிட்டு வந்துட்டேன் தாயி. எங்கயும் முழுசா ஒரு வருசம் தங்குனதில்ல. இந்தக் குளிரு முடியிற வரைக்கும் இங்கயே இருந்துக்கிறேன்."

"பேர்லயே வெயிலு. குளிர்ல என்ன வேலை?"

"இருந்து பாக்கணும் தாயி."

"அவங்கல்லாம் சொன்னது என்னாச்சு?"

"ஒண்ணு விடாம பத்திரமா இருக்கு."

"எங்க?"

அவர் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

மாயக்காள் எழுந்து குதிரைக்குக் கொள்ளு வைக்கப் போய்விட்டாள். வைத்துவிட்டு வந்து கேட்டாள்.

"கத்தி இருக்கா?"

"கத்தியா?"

"குளிர்ல இங்க இருக்கிறவங்க கையில ஒரு கத்தி வேணும். நனைஞ்ச கயிறு உறைபனியில கல்லாயிரும். முடிச்சு அவிழாது. அறுக்கத்தான் முடியும்."

வெயிலுமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. இரும்புக்கடைக்காரனிடம் கத்தி இருக்கா என்று கேட்டால்?

பையைத் திறந்து இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று மடக்குக் கத்தி. பிடி முழுக்க எஃகு, முகம் பார்க்கலாம். அதற்குள்ளேயே கத்தரி, திருப்புளி, பல்குத்தி எல்லாம் அடக்கம். இன்னொன்று முழ நீளம், தோல் உறையில்.

"எது நல்லது?"

"மடக்குக் கத்திதான். இதுக்கு மிஞ்சி எங்க கடைக்கு ஒண்ணும் வந்ததில்ல."

"விடியட்டும்."

விடிந்தது. வாசலில் இருந்த வாளித் தண்ணீரில் பாலாடை போல ஐஸ் படிந்திருந்தது.

"கைய உள்ள வைங்க," என்றாள் மாயக்காள்.

"எவ்வளவு நேரம் தாயி?"

"நான் ஆட்டைக் கறந்து முடிக்கிற வரைக்கும்."

அன்றைக்கென்று அந்த ஆடு நிதானமாகப் பால் விட்டது.

அவர் கையை வெளியே எடுத்தபோது அது வேறு யாருடைய கையோ போல இருந்தது. மாயக்காள் ஒரு துண்டுக் கயிற்றை அவர் மடியில் போட்டாள்.

"அறுங்க."

மடக்குக் கத்தியில் நகம் வைத்து இழுக்க ஒரு பள்ளம் உண்டு. நகம் அதில் நிற்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். கத்தரி வந்தது. மறுபடி இழுத்தார். பல்குத்தி வந்தது.

"கயித்துக்குப் பல்லு குத்தி விடுறீங்களா அண்ணாச்சி?"

அதைப் போட்டுவிட்டு நீளக் கத்தியை உருவினார். வழவழவென்ற பிடி கையிலிருந்து நழுவி, கத்தி அவர் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் மண்ணில் குத்திக்கொண்டு நின்றது.

"கால்ல அஞ்சு விரலும் இருக்கா?"

"இருக்கு தாயி."

"அதோட பஸ்ஸுக்குப் போயிருங்க."

வெயிலுமுத்து நகரவில்லை. "கத்திய மாத்திக்கிட்டு வர்றேன். இன்னைக்கு ஒரு நாள் குடுங்க."

"பொழுது சாயிற வரைக்கும்."

அவர் கொடைக்கானல் பஜாருக்கு இறங்கினார். ஒரு இரும்புக்கடையில் நுழைந்தார்.

"தம்பி, ஒரு சொம்பு ஐஸ் தண்ணி கிடைக்குமா?"

"சோடாக்கடை பக்கத்துல இருக்கு."

"குடிக்க இல்லப்பா. கைய ஊறவைக்க."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கத்தி வாங்க வந்தீங்களா, கை கழுவ வந்தீங்களா?"

தண்ணீர் வந்தது. வெயிலுமுத்து கையை முக்கி முக்கி, கத்தி கத்தியாக எடுத்துப் பார்த்தார். தன் கடையில் தானே புகழ்ந்து விற்ற சாதிகள்தான் எல்லாம். ஒவ்வொன்றாக நழுவின. ஒன்று திறக்கவில்லை, ஒன்று மூடவில்லை, ஒன்றின் பிடி ஐஸை விடச் சில்லென்று இருந்தது.

கடைசியில் கையில் நின்றது ஒன்று. மடக்காதது. ஒரு சாண்கூட வராது. தடித்த மரப்பிடி. விரல் வழுக்கி அலகுக்குப் போகாமல் நடுவில் ஒரு புடைப்பு. பிடியின் அடியில் ஒரு துளை. கூடவே ஒரு தோல் உறை.

"இதையா? இதைப் பாக்க ஒண்ணுமில்லையே," என்றார் கடைக்காரர்.

"நான் கண்ணால பாக்கல தம்பி," என்றார் வெயிலுமுத்து.

பொழுது சாய்வதற்குள் ஏறி வந்துவிட்டார். மாயக்காள் அலகைக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தாள். பிடியைத் திருப்பி, துளை வழியாக அவரைப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"விடிஞ்சதும் குதிரையோட கிளம்பணும். கூட வாங்க."

வெயிலுமுத்துவுக்குக் குளிரே தெரியவில்லை. கத்திக்கு எண்ணெய் தடவினார். உறையில் போட்டு, துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, தன் பையின் அடியில் வேட்டிகளுக்குக் கீழே வைத்து, பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

மாயக்காள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் புல்லெல்லாம் உப்பு தூவினது போல வெள்ளையாகக் கிடந்தது. சிட்டு என்கிற குதிரையின் முதுகில் அரிசி மூட்டை. மூட்டையின் ஓரத்தில் வெயிலுமுத்துவின் பை. மாயக்காள் முன்னால், குதிரை நடுவில், அவர் பின்னால்.

ஒரு வளைவில் குதிரையின் பின்னங்கால் உறைபனிப் புல்லில் வழுக்கியது.

பாதையை விட்டுச் சரிவில் சாய்ந்து விழுந்தது. தலைக்கயிறு மேலே ஒரு மரவேரில் மாட்டிக்கொண்டது. குதிரை உதற உதறக் கயிறு கழுத்தில் இறுகியது. கீழே பள்ளத்தாக்கு.

மாயக்காள் சரிவில் குதித்து இறங்கி, தோளையும் இரண்டு கையையும் குதிரைக்கு முட்டுக் கொடுத்து நின்றாள்.

"கயித்தை அறுங்க அண்ணாச்சி."

"கத்தி பையில இருக்கு தாயி."

"பை எங்க?"

பை குதிரைக்கு அடியில் இருந்தது.

அவர் முடிச்சில் கையை வைத்தார். முடிச்சு கல்லாக இருந்தது. விரல்கள் அதைவிட மோசம். குனிந்து பல்லால் கடித்தார். குதிரையின் கண் வெள்ளையாகச் சுழன்றது. அதன் மூச்சு சங்கு ஊதுவது போல வந்தது.

"அதை விடுங்க," என்றாள் மாயக்காள். முட்டுக் கொடுத்த தோள் நடுங்கியது. "என் பிடரியில ஒரு கயிறு தெரியும். இழுங்க."

இழுத்தார். அவள் கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து ஒரு தோல் உறை மேலே வந்தது. உறையில் ஒரு சின்னக் கத்தி. பிடியின் துளையிலிருந்து ஒரு சரடு உறையோடு கட்டியிருந்தது, கை விட்டாலும் பள்ளத்துக்குப் போகாதபடி.

தலை வழியாகக் கழற்றி, பிடியைப் பற்றினார்.

பிடி சூடாக இருந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய சூடு இல்லை. தூங்குகிற குழந்தையின் உள்ளங்கால் சூடு.

விரல்கள் மடங்கின.

கயிறு அறுந்தது. தலை விடுபட்டதும் சிட்டு முன்னங்காலை ஊன்றி, மூட்டையோடு எழுந்து, பாதையில் ஏறி நின்றது. ஒன்றும் நடக்காதது போல ஒரு தரம் கனைத்தது.

மாயக்காள் மேலே ஏறி வந்தாள். குதிரையின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். அறுந்த துண்டை அவர் கையில் கொடுத்தாள், தன் கத்தியை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"உங்க கத்தி எங்க இருந்துச்சு அண்ணாச்சி?"

"பத்திரமா இருந்துச்சு தாயி."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

அப்புறம் அரிசி போகவேண்டிய ஊர் போய்ச் சேருகிற வரைக்கும், மூட்டையை இறக்கித் திரும்பி வருகிற வரைக்கும் அந்தக் கயிற்றுத் துண்டை அவர் விடவில்லை.

மாயக்காள் வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தார். வேட்டிகளை எடுத்தார், பிளாஸ்டிக் பையைப் பிரித்தார், துணியைப் பிரித்தார். கத்தி, வெளியில் கிடந்த கல் மாதிரி சில்லென்று இருந்தது.

அங்கேயே உட்கார்ந்தார். மடியில் கிடந்த தலைக்கயிற்றுத் துண்டைப் பிரித்து ஒரு இழை எடுத்தார். பிடியின் துளைக்கும் உறைக்குமாக ஒரு முடிச்சு, கழுத்துக்கு ஒரு முடிச்சு. சட்டைக்குள் விட்டார். மார்பில் பட்டதும் உடம்பு தூக்கிப்போட்டது.

மற்ற சாமான்களை மடித்து வைப்பதற்குள் அது அங்கே இருப்பதே மறந்துவிட்டது.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படி வாசலுக்கு வந்தார். மாயக்காள் முறத்தில் மலைப்பூண்டைக் குவித்து வைத்து உரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பியாச்சு?"

"பஸ்ஸுக்குத் தாயி. நீங்க போகச் சொன்னது சரிதான்."

"நேத்துச் சொன்னது. இன்னைக்குச் சொன்னேனா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கழுத்தில் சட்டைக்கு மேலே கொஞ்சம் போலக் கயிற்று இழை தெரிந்தது.

மறுபடி பூண்டுக்குக் குனிந்துகொண்டாள்.

"என் கத்தி அந்தக் கயித்துல மழுங்கிப்போச்சு. பைய அந்த மூலையில வச்சுட்டு, உங்க கத்தியக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க அண்ணாச்சி, ரசத்துக்குப் பூண்டு நறுக்கணும்."