ஆடிக்கு முன்னால் ஒரு கார்

“காருக்கு வெல சொல்றது நியாயமுங்க சாமி. அதைத் தொட்டுத் தொடைக்கிறதுக்கும் தனியா ஒரு வெல சொல்றானுங்களே, அது என்ன நியாயமுங்க?”

செருப்பைக் கழற்றியதும் சென்னியப்பன் கேட்ட முதல் கேள்வி இதுதான். கும்பிடக்கூட மறந்துபோனார்.

பவானி ஆற்றோரத்தில் ஒரு சின்ன மடம். பாவாத்தா சாமி என்கிற பெண் துறவி அங்கே தனியாக இருக்கிறார். அவருக்கு நாற்பது வயதுதான். சென்னியப்பனுக்கு ஐம்பத்தாறு. சீடர் மூத்தவர் என்பதால் குரு அவரை அண்ணா என்று கூப்பிடுவார். சீடர் குருவைச் சாமி என்பார். இதில் இருவருக்கும் சங்கடம் எதுவும் இருந்ததில்லை.

மனம் அடங்க வழி கேட்டுத்தான் சென்னியப்பன் முதலில் இங்கே வந்தார். கடைவீதியில் ஜமக்காளக் கடை வைத்திருப்பவர். பொழுதுக்கும் பேரம் பேசிப் பழகிய மனம் லேசில் அடங்குமா? இன்றுவரை அடங்கவில்லை. அவரும் விடுவதாக இல்லை.

சாமி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன காருங்கண்ணா?” என்றார், தலை நிமிராமல்.

அவ்வளவுதான், சென்னியப்பன் கொட்டித் தீர்த்துவிட்டார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் மனைவி வசந்தாமணி வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் கார். அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு ஒரு தடவையாவது மழையில் நனையாமல் போய் இறங்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பணம் சேர்த்தாயிற்று. பெருந்துறை ரோட்டில் ஒரு ஷோரூமில் வண்டியும் பார்த்தாயிற்று. வெள்ளையும் சிவப்புமாகப் பூவைப் பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டுக் கேட்டதில், சம்மதம் என்று வெள்ளைப்பூவும் வந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் பூஜை போட்டுச் சாவி வாங்க வேண்டும். சனிக்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் வண்டி எடுக்கிற வழக்கம் அவர் குடும்பத்தில் கிடையாது. வெள்ளியை விட்டால் ஆவணிதான். வசந்தாமணியோ சொந்தபந்தம் ஒன்று பாக்கியில்லாமல் சொல்லிவிட்டாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் விலைப்பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். வண்டி விலை, வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சரி. கடைசியில் ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு வரி. பதினெட்டாயிரம்.

“பணம் இருக்குதுங்களா?” என்று சாமி கேட்டார்.

“இருக்குதுங்க.”

“கட்டிட்டு எடுத்துட்டு வாங்க.”

சென்னியப்பன் முகம் சுண்டிப்போயிற்று.

“காசு போனா சம்பாரிச்சுக்கலாமுங்க சாமி. ஏமாந்துட்டமேங்கற நெனப்பு இருக்குது பாருங்க, அது பின்சீட்டுல ஏறி உக்காந்துக்கும். அதையும் கூட்டிக்கிட்டு நான் எங்க போறதுங்க?”

இதில் நியாயம் இருப்பதாகச் சாமிக்குப் பட்டிருக்க வேண்டும். கத்தியைக் கீழே வைத்தார்.

“அந்தக் காசு எதுக்குன்னு சொன்னாங்க?”

“வண்டி நிக்கற யார்டுல இருந்து ஷோரூமுக்கு ஓட்டிட்டு வந்து, கழுவித் தொடைச்சுக் குடுக்கறதுக்காமுங்க.”

“யார்டு எங்க இருக்குது?”

“ஷோரூமுக்குப் பின்னாடி. கூப்பிடு தூரமுங்க.”

“நீங்களே யார்டுக்குப் போயி எடுத்துக்கறதாச் சொல்லுங்க. ஒரு பக்கெட்டுத் தண்ணியும் துணியும் நான் வேணா தாரேன்.”

சென்னியப்பன் துள்ளிக் குதிக்காத குறையாகக் கிளம்பினார்.

மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர் நடையில் அந்தத் துள்ளல் இல்லை.

யார்டிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னதும், விற்பனைக்கார இளைஞன் தீபன் உள்ளே போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்தானாம். நல்ல பையன், சிரித்த முகம். உங்களுக்காக ஹேண்ட்லிங் சார்ஜை எடுத்தாயிற்று சார் என்றானாம். சென்னியப்பனும் ஊரை ஜெயித்த மாதிரி உட்கார்ந்து ஒரு காபி குடித்தார். குடித்து முடிப்பதற்குள் புதுப் பட்டியல் வந்தது. அதில் கால்மிதி, சீட் உறை, வாசனை பாட்டில் எல்லாம் சேர்ந்து ‘அவசியக் கிட்’ என்று ஒன்று முளைத்திருந்தது. விலை ஏறக்குறைய அதே பதினெட்டாயிரம். அதோடு மல்லுக்கட்டி எடுக்க வைத்தார். இன்சூரன்ஸ் ஏறியது. இன்சூரன்ஸை இறக்கினார். பெயின்ட் மங்காமல் இருக்க ஏதோ ஒரு பூச்சு வந்து சேர்ந்தது. பூச்சு வேண்டாம் என்றார். அப்படியானால் ஹேண்ட்லிங் சார்ஜ் வந்துவிடுமே சார் என்று தீபன் வருத்தப்பட்டான்.

சாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சென்னியப்பனுக்குக் கோபம்தான் வந்தது.

“சரி, உக்காருங்க. அந்த ஜமக்காளத்தை விரிங்க.”

சென்னியப்பன் தன் கடையிலிருந்தே மடத்துக்குக் கொடுத்த ஜமக்காளம் அது. விரித்தார். நடுவில் ஒரு இடம் சுருக்கம் விழுந்து புடைத்துக்கொண்டு நின்றது.

“அந்த மேட்டைக் கொஞ்சம் மிதிச்சு விடுங்கண்ணா.”

“மிதிச்சா எங்கீங்க போகுது? இங்க மிதிச்சா அங்க எந்திரிக்கும்.” தொழில் விஷயத்தில் குருவே தப்புச் சொன்னாலும் அவரால் சும்மா இருக்க முடியாது. “முனையைப் புடிச்சு ஒரே இழுப்பா இழுக்கோணுமுங்க.”

குனிந்து முனையைப் பிடித்து இழுத்தும் காட்டினார். சுருக்கம் போய் ஜமக்காளம் சமமாயிற்று.

சாமி எழுந்து உள்ளே போய்விட்டார்.

சென்னியப்பன் முனையைக் கையில் பிடித்தபடியே வெகுநேரம் நின்றார். பிறகு, “அட” என்றார். கேட்க அங்கே யாருமில்லை.

புதன்கிழமை காலை கடையைக்கூடத் திறக்காமல் ஷோரூமுக்குப் போனார். எந்தப் பட்டியலையும் கையில் வாங்கவில்லை. சாவி என் கைக்கு வருகிறவரை எல்லாம் சேர்த்து நான் கொடுப்பது இவ்வளவுதான், இதற்குள் நீங்கள் எதற்கு என்ன பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரே ஒரு தொகையைச் சொன்னார்.

தீபன் அந்தத் தொகையை யோசித்தான். முடியாது என்று சொல்லவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சொந்த மாமாவிடம் பேசுகிறவன் மாதிரி பேசினான்.

“சார், வெள்ளிக்கிழமை ஒன்பதுல இருந்து பத்தரைக்குள்ள சாவி வாங்கணும்னு நீங்கதானே சொன்னீங்க. அம்மன்கிட்ட பூவெல்லாம் கேட்டுட்டு வந்திருக்கீங்க. அதை விட்டா ஆடி. ஆடியில நீங்க எடுக்கவும் மாட்டீங்க. இந்தச் சின்னத் தொகைக்காக அம்மாவோட ஆசையைத் தள்ளிப் போடணுமா சார்?”

உண்மைதான், இதையெல்லாம் சொன்னது சென்னியப்பனேதான். முதல் நாள் ஷோரூமுக்குள் கால் வைத்ததும், விலை என்ன என்று கேட்பதற்கு முன்னாலேயே, வெள்ளைப்பூ வந்த கதையை வாய் நிறையச் சொல்லி, கோயில் விபூதியைத் தீபன் நெற்றியிலும் பூசிவிட்டிருந்தார்.

நேராக மடத்துக்கு வந்தார். நடந்ததைச் சொன்னார். என் வாயாலேயே என்னைக் கட்டிப்போட்டுக்கொண்டேன் சாமி என்று நொந்துகொண்டார்.

சாமி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஈரப் புடவையை உதறினார்.

“ஆடி மாசம் உங்க கடையில யாவாரம் எப்படிங்கண்ணா?”

“அதை ஏனுங்க கேக்கறீங்க?” என்று அலுத்துக்கொண்டார் சென்னியப்பன். “கல்யாணமில்ல, சீரில்ல, எவன் வந்து ஜமக்காளம் வாங்கறான்? ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கோணும். அதுக்குப் பயந்துக்கிட்டே ஆனிக் கடைசியில வர்ற ஆளை வெளிய விடறதில்லீங்க. லாபமே இல்லைன்னாலும் செரி, கேட்ட வெலைக்குக் கட்டிக் குடுத்து...”

சொல்லிக்கொண்டே வந்தவர் சாமியை நிமிர்ந்து பார்த்தார்.

சாமி புடவையைக் கொடியில் போட்டு, முந்தானையை இழுத்துவிட்டார்.

“நம்மூருக்கு வர்ற ஆடி பெருந்துறை ரோட்டுக்கு வராதுங்களா?” என்றார்.

சென்னியப்பன் அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. தீபனும் ஆடிக்குப் பயந்துகொண்டுதான் இருப்பான், சரி. ஆனால் அவன் இறங்கி வரவில்லை என்றால்? வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு போனால் வசந்தாமணி முகத்தில் எப்படி விழிப்பது? வண்டியை விட்டுவிட்டு எழுந்துவரத் தனக்குத் தெம்பில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்.

“வெள்ளிக்கெழமை காலையில இங்க வெண்பொங்கலுங்க,” என்றார் சாமி. “ரெண்டு பேரும் சாப்புட வாங்க.”

இதற்கு என்ன அர்த்தம் என்று சென்னியப்பனுக்குப் புரியவில்லை. கேட்டால் சொல்ல மாட்டார் என்பது மட்டும் தெரியும்.

வீட்டுக்குப் போனார். வசந்தாமணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து தானும் இரண்டு வெங்காயம் உரித்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளிக்கிழமை கார் வராமலும் போகலாம், ஆவணி ஆகலாம் என்றும் சொன்னார்.

வசந்தாமணி கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

“ஏனுங்க, நான் கார்தானுங்க கேட்டேன்,” என்றாள் பிறகு. “வெள்ளிக்கெழமையை நானா கேட்டேன்?”

“சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிட்டயே.”

“சொன்ன வாய்தானுங்க. ஆவணியின்னு மாத்திச் சொன்னா வலிக்குதா?”

சென்னியப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று. இத்தனை நாளும் யாருக்குப் பயந்தோமோ அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே பயந்திருக்கிறோம் என்று நினைத்ததும், வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை தீபனுக்குப் போன் செய்தார். தொகை அதேதான் தம்பி, முடிந்தால் சொல்லுங்கள், முடியாவிட்டால் ஆவணியில் பார்த்துக்கொள்வோம், உங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றார். வருத்தம் நிஜமாகவே இல்லாததைக் கவனித்து அவரே ஆச்சரியப்பட்டார். தீபன் பேச்சை இழுக்கப் பார்த்தான். கடையில் ஆள் வந்திருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார். ஆளும் வந்துதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை புருஷனும் பொண்டாட்டியும் டவுன் பஸ்ஸில் வந்து மடத்தில் இறங்கினார்கள். சாமி இலை போட்டார். பொங்கலில் மிளகும் முந்திரியும் மிதந்தன. நெய் மணம் ஆற்றங்கரை வரைக்கும் போயிற்று.

ஒன்பது மணி ஆயிற்று. முதல் கவளத்தின்போது சென்னியப்பனுக்குக் கொஞ்சம் ஷோரூம் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு சட்னிதான் ஞாபகம் இருந்தது. வசந்தாமணி சாமியிடம் பொங்கலின் பக்குவத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் அளவில் இருவருக்கும் அபிப்பிராய பேதம் இருந்தது.

சட்டைப்பையில் போன் அடித்தது. சென்னியப்பன் இடது கையால் எடுத்தார். பேச்சு எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது.

தீபனுக்கு மூச்சு வாங்கியது. மேனேஜர் சம்மதித்துவிட்டார், நீங்கள் சொன்ன அதே தொகைதான், மேலே ஒரு ரூபாய் கிடையாது, எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார் என்றான். வண்டியைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்றாம். நம்பர் பிளேட் அடுத்த வாரம் வந்தால் போகிறது, இன்றைக்குச் சாவியை வாங்கிவிட்டால் ஆனியில் எடுத்ததாகத்தானே கணக்கு என்று அவனே சமாதானமும் சொன்னான்.

“இப்பக் கிளம்புனாக்கூட வந்துடலாம் சார். பத்தரைக்குள்ள வந்துடுங்க. நாளைக்கு ஆடி சார், இன்னிக்கு ஒரு வண்டியாவது வெளிய போகணும் சார்.”

வசந்தாமணி புருஷனைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. சாமி கரண்டியில் பொங்கலோடு சென்னியப்பன் இலை முன்னால் வந்து நின்றார்.

சென்னியப்பன் கரண்டியைப் பார்த்தார். தன் இலையைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் என்று கையால் காட்டினார்.

“தம்பி, ரொம்பச் சந்தோசம். நாங்க சாப்புட்டுக்கிட்டு இருக்கறமுங்க. முடிச்சுட்டு வாரோம்.”

“சார், லேட்டானா ராகு காலம் வந்துடும் சார்.”

“வரட்டும் தம்பி,” என்றார் சென்னியப்பன், பொங்கலுக்கு நடுவில் நெய்க்குக் குழி பறித்துக்கொண்டே. “அதுக்கும் ஒரு எலை போட்டுடலாம்.”