உவர்மேட்டு வரிசை

பெருங்காட்டின் நடுவில் ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் யானை மத்தகனுக்கும் தம்பி யானை வெண்கொம்பனுக்கும் போர். அப்பா யானை இறந்த மறுநாளே அது தொடங்கிவிட்டது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பெரிய குளத்தில் முதல் வாய்த் தண்ணீர் யார் குடிப்பது என்பதுதான் சண்டை!

குரங்கு, கரடி, காட்டெருமை, பன்றி எல்லாம் இரண்டாகப் பிரிந்து முட்டிக்கொண்டன. நரி மட்டும் பிரியவில்லை. அது காலையில் அண்ணனுக்கு மந்திரி, மாலையில் தம்பிக்கு மந்திரி.

ஒரு வருடம் ஓடியது. யாரும் உப்பு நக்கவில்லை. சண்டைக்கு நடுவே உப்புத் தேடிப் போக யாருக்கு நேரம்? உப்பில்லாமல் தெம்பு போய், முட்டப் போனவை பாதி வழியிலேயே தலைசுற்றி உட்கார்ந்தன. முதுகில் உண்ணி பொறுக்கித் தின்னும் மைனாக்களும் பயந்து பறந்துபோயிருந்தன. அதனால் இரண்டு படைக்கும் உடம்பெல்லாம் அரிப்பு வேறு.

"மகாராஜா! காட்டோட கடைசியில உவர்மேடுன்னு ஒரு இடம் இருக்காம். அங்க ஒரு உப்புப் பாறை! உடைச்சுத் தூக்கிட்டு வந்துட்டா வெற்றி நமக்குத்தான்!" என்றது நரி.

காலையில் இதை அண்ணனிடம் சொன்னது. மாலையில் அதையே தம்பியிடமும் சொன்னது. பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று அண்ணனோடு கிளம்பிவிட்டது.

உவர்மேடு பத்து நாள் நடை. அங்கே முள்ளும் கல்லும் வெயிலும்தான் உண்டு. நடுவில் அந்த ஒற்றைப் பாறை. அது இல்லாவிட்டால் அங்கே ஒரு உயிரும் கோடையைத் தாண்டாது. உள்நாட்டுப் போர் என்று ஒன்று நடப்பதே அங்கே யாருக்கும் தெரியாது.

ஆனால் உவர்மேட்டில் ஒரு சட்டம் இருந்தது. உண்ணியோடு பாறைப் பக்கம் வரக் கூடாது. பாறையில் ஓர் உண்ணி விழுந்தால் ஊருக்கே ஒட்டிக்கொள்ளும். ஆகவே எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். முன்னால் நிற்பவரின் முதுகைப் பின்னால் நிற்பவர் சொறிந்து உண்ணி எடுக்க வேண்டும். ஒருமுறை நக்கியவர் அடுத்த பௌர்ணமிவரை வரிசைப் பக்கம் வரக் கூடாது. கடைசியில் நிற்பவர்? அடுத்த ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்! அதனால் உவர்மேட்டில் யார் வந்தாலும் ராஜ மரியாதை.

வரிசையைப் பார்த்துக்கொண்டது மெதுவன் என்ற ஆமை. அதற்குத் துணை செங்காலி என்ற கௌதாரி. துணை என்றால், கத்துகிற வேலை முழுவதும் செங்காலியுடையது.

அண்ணன் படை வந்து சேர்ந்த அன்று வரிசையின் கடைசியில் ஒரு முயல் நின்றது. காலையிலிருந்து காத்திருந்த முயல் அது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு படை வருவதைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தது.

"வாங்க வாங்க! நல்ல நேரத்துல வந்தீங்க! கொஞ்சம் முதுகைச் சொறிங்க!"

முன்னால் வந்த குரங்கு வீரன், "நாங்க போருக்கு வந்திருக்கோம்!" என்று முறைத்தது. ஆனால் எதிரே ஒரு முதுகு. குரங்குக்குக் கை சும்மா இருக்குமா? சொறிய ஆரம்பித்துவிட்டது. அதைப் பார்த்த கரடி, குரங்கின் முதுகைச் சொறிந்தது. கரடிக்குப் பின்னால் காட்டெருமை. காட்டெருமைக்கு முன்னால் நரி எப்படியோ புகுந்துகொண்டு, கரடியைப் பேருக்கு இரண்டு பிறாண்டு பிறாண்டியது. காட்டெருமையின் கொம்பு தன் முதுகில் பட்டதும் நரி கண்ணை மூடி உப்பையும் மறந்து ஓரமாக விழுந்து தூங்கிப்போனது.

ஒரு நாழிகையில் படையே காணாமல் போனது. ஒரு வரிசைதான் இருந்தது!

மத்தகன் எப்போதும் படைக்குப் பின்னால் வரும். மூச்சு வாங்குவதை யாரும் பார்க்கக் கூடாதல்லவா? அது வந்து பார்த்துவிட்டுப் பிளிறியது.

"என்னடா செய்றீங்க? பாறையை உடைங்கடா!"

"இருங்க மகாராஜா, இன்னும் என் முறை வரலை" என்றது காட்டெருமை.

மத்தகன் தானே பாறையை நோக்கி ஓடியது. மெதுவன் குறுக்கே வந்து நின்றது. நின்றது என்ன, ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. யானையின் கால் நகம் அளவுகூட இல்லாத ஆமைதான் அது. ஆனாலும் பாறை போனால் எல்லாம் போச்சு என்று அதற்குத் தெரியும்.

"மிதிக்கிறதுன்னா மிதிச்சுக்கோங்க. ஆனா உண்ணியோட பாறைக்குப் போக விட மாட்டேன்!"

"வரிசையில வாங்க!" என்று கத்தினாள் செங்காலி.

யானை காலைத் தூக்கியது. அப்போது அதன் படையே திரும்பிப் பார்த்துக் கத்தியது. "வரிசையில வாங்க மகாராஜா!" ஒரு வருட அரிப்பு தீரும் நேரத்தில் குறுக்கே யார் வந்தாலும் அவர்களுக்கு எதிரிதான்.

மத்தகனுக்கு இப்படி ஓர் அவமானம் நேர்ந்ததே இல்லை. தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்தது. போய் வரிசையின் கடைசியில் நின்றது. அதற்கு முன்னால் ஒரு பன்றி.

"மகாராஜா, கோவிச்சுக்காதீங்க... கொஞ்சம் இடப்பக்கமா..." என்று இழுத்தது பன்றி.

மகாராஜா ஈ ஓட்டுவதுபோல் பாவனை செய்துகொண்டு பன்றியைச் சொறிந்தது. எல்லோரும் உப்பு நக்கிவிட்டு நிழலில் படுத்தார்கள். மத்தகன் மட்டும் தனியாக நின்றது. பின்னால் யாருமில்லை. நக்கியவர்கள் வரிசைக்குத் திரும்பக் கூடாது; ஓரமாகத் தூங்கும் நரியின் நினைப்போ யாருக்கும் வரவில்லை. முதுகோ பிய்த்துக்கொண்டு போகிறது.

"நான் வேணா சொறியட்டுமா?" என்று கேட்டது ஒரு முள்ளம்பன்றி.

"வேண்டவே வேண்டாம்!"

மூன்று நாள் ஆயிற்று. மத்தகன் பாதையையே பார்த்தது. யாராவது வரமாட்டார்களா? எதிரியாவது வரமாட்டானா?

எதிரி வந்தான். வெண்கொம்பனுக்கு வழி கேட்பது கௌரவக் குறைச்சல். அதனால் மூன்று நாள் சுற்றி அலைந்துவிட்டு, படைக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தது.

"அண்ணா! பாறையை விட்டு விலகு! சண்டைக்குத் தயாரா?"

"சண்டை அப்புறம் போடலாம்டா! முதல்ல முதுகைச் சொறி!"

தம்பி திகைத்தது. செங்காலி அதற்கும் சட்டத்தைக் கத்திச் சொன்னாள். வேறு வழியில்லை. வெண்கொம்பன் ஒரு கிளையை ஒடித்து, வேண்டுமென்றே வலிக்கச் சொறிந்தது.

"அங்க இல்லடா. காதுக்குப் பின்னால..."

"தெரியும். அப்பா சொறிஞ்சு விடற இடம்."

கிளை இப்போது வலிக்காமல் மெல்ல மெல்லப் போனது.

"அப்பா போனதுக்கு அப்புறம் அந்த இடத்தை யாரும் தொடலைடா" என்றது மத்தகன். அப்பா இறந்த மறுநாளே சண்டைக்குப் போனதில் இரண்டும் அழ மறந்திருந்தன. இப்போது அழுதன. யானை அழுதால் சத்தம் கொஞ்சமாகவா இருக்கும்? நரிகூட ஒருமுறை புரண்டு படுத்தது.

"முதல் தண்ணியை நீயே குடிடா" என்றது அண்ணன்.

"வேணாம்ணா, நீ குடி!"

இதற்கே மறுபடி ஒரு சண்டை வந்துவிடும்போல் இருந்தது. மெதுவன் தலையை வெளியே நீட்டியது. "குளத்துலயும் வரிசை வைங்களேன். யார் முதல்ல வர்றாங்களோ அவங்க முதல்ல!"

அவ்வளவுதான். போர் முடிந்தது. பாறையை யாரும் உடைக்கவில்லை. தம்பி படையும் வரிசையில் நின்று உப்பு நக்கியது. அதன் கடைசி ஆளுக்காக, இன்னும் உப்பு நக்காமல் தூக்கத்திலிருந்த நரியை எழுப்பிப் பின்னால் நிறுத்தினார்கள். பிறகு எல்லோரும் ஊர் திரும்பினார்கள்.

திரும்பியதும் நரி ஒரு மேட்டில் ஏறிக்கொண்டது. "ஏழு நாள் கண்ணை மூடாம யோசிச்சு, நான்தான் சமாதானம் செஞ்சு வெச்சேன்! குளக்கரை ஆலமரத்தடியில!" என்றது. யானைகள் இரண்டும் சமாதான விழாவுக்கு வந்த கரும்பைத் தின்பதில் மும்முரமாக இருந்தன, மறுக்கவில்லை. நூறு முறை கேட்டபின், உவர்மேட்டுக்குப் போய்வந்தவைகூட அதை நம்பத் தொடங்கின.

ஆறு மாதம் கழித்து ஒரு கொண்டலாத்திக் குருவி உவர்மேட்டு முட்புதரில் வந்து உட்கார்ந்து இந்தச் செய்தியைச் சொன்னது. நரிக்குச் 'சமாதானச் செம்மல்' பட்டமாம்!

செங்காலிக்கு ரத்தம் கொதித்தது. "அந்தத் தூங்குமூஞ்சிக்கா? நம்ம பேரையே யாரும் சொல்லலையா?"

"உங்க பேரா? ஏன்? இது எந்த இடம்? இங்க என்ன இருக்கு? சொல்லுங்க, போய்ச் சொல்லிடறேன். மொத்தக் காடும் திரண்டு வந்து பார்க்கும்!" என்றது குருவி.

செங்காலி வாயைத் திறந்தாள். மொத்தக் காடு என்றதும் திறந்த வாய் அப்படியே நின்றது. மெதுவனைப் பார்த்தாள். மெதுவன் பாறையைத் திரும்பிப் பார்த்தது. பாறை ஒன்றுதான் இருக்கிறது, மொத்தக் காடும் வந்து நக்கினால் அது மிஞ்சாது என்பது இருவருக்கும் தெரியும்.

"இதுவா? இது ஒண்ணுமில்லாத இடம்!" என்றாள் செங்காலி. "வெறும் முள்ளு. நீ கிளம்பு!"

பெரியவர்களின் சண்டையைத் தீர்த்துவைத்த எளியவர்களுக்குப் புகழ் வந்து சேராமல் போகலாம், ஆனால் புகழைவிடப் பெரியது எது என்று தெரிந்தவர்கள் அதற்காக ஏங்குவதில்லை.